எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்

பாக்கியலட்சுமி தன் மகளை வாய் திறந்து புகழ்ந்து மரக்காணத்தில் யாரும் கேட்டதில்லை. யுவராணி பத்தாவதில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்தபோது, வீடு தேடி லட்டோடு வந்த டீச்சரிடம், "எங்க டீச்சர், பரிட்சைக்கு மொத நாள் வரைக்கும் ஒரு வரி படிக்கல. பேப்பர் திருத்துனவரு நல்ல மனசுக்காரரு போலக்குது" என்றாள். டீச்சருக்கு லட்டைக் கொடுப்பதா, திருப்பி எடுத்துக்கொண்டு போவதா என்று தெரியவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடமும் இதே கதைதான். "சமையல் சுமாராத்தான் வரும், கோவம் மட்டும் ஜாஸ்தி வரும்" என்று இவளாகவே எடுத்துக் கொடுத்தாள். வந்தவர்கள் அதை அப்படியே நம்பி, காபியை மட்டும் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

இந்தக் கடற்கரைப் பக்கத்தில் இது ஒன்றும் புதிய பழக்கமில்லை. குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறதே என்று யாராவது சொன்னால், பெற்றவள் உடனே "சோறே திங்க மாட்டேங்குது" என்பாள். பாத்தியில் உப்பு நன்றாக இறங்கியிருக்கிறதே என்றால், "எங்க, பாதி மண்ணுதான்" என்பார்கள். கண் பட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். கேட்பவர்களுக்கும் அது தெரியும். ஆனால் பாக்கியத்துக்கு அது வெறும் பழக்கமில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவள் பெற்ற மகளிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த வாய்தான் இப்போது சென்னையில் பேட்டன்ட் ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது.

கத்திரி தொடங்கி நாலாம் நாள், பகல் பதினொரு மணிக்குப் பிரபாகரன் வந்தார். யுவராணியின் பேட்டன்ட் வேலைகளையெல்லாம் பார்த்துக்கொள்ளும் ஏஜென்ட் அவர். ஈசிஆர் முழுக்கக் காருக்குள் ஏசியில் வந்தவர், இறங்கி வாசலுக்கு வருவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பாக்கியம் உப்பைத் தூக்கலாகப் போட்டு ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். அவர் பாதி குடித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். யுவராணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் சரியில்லை என்பதைப் பாக்கியம் காலையிலேயே பார்த்திருந்தாள்.

லேப்டாப்பில் பாக்கியமே வந்தாள். போன வருஷம் மாசியில், யுவராணிக்குப் பேட்டன்ட் கிடைத்த செய்தி கேட்டு அருண்ராஜ் என்ற பையன் தன் யூடியூப் சேனலுக்காக வந்து எடுத்த வீடியோ அது. நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, மைக்கைப் பார்த்து மிரண்டுபோய், பாக்கியம் பேசிக்கொண்டிருந்தாள்.

"இதுல இன்னாப்பா பெரிய அதிசயம்? உப்பு தண்ணில கரையும்னு கொழந்தைக்குக் கூடத் தெரியும். ஈரம் பட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்னு எங்க உப்பளத்துல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எல்லாரும் செய்யறதத்தான் இதுவும் செஞ்சிருக்குது. புதுசா ஒண்ணியும் கண்டுபுடிக்கல."

பிரபாகரன் அங்கே நிறுத்தினார்.

"எதிர்த்தரப்புல இத ஏழாவது ஆதாரமா வச்சிருக்காங்கம்மா. நீங்க பேசினத வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷ்ல எழுதி, சீல் குத்தி."

"ஆதாரமா? நான் எங்க சார் சாட்சி சொன்னேன்? அந்தப் பையன் மைக்க நீட்டுச்சு, பேசுனேன்."

"பேட்டன்ட ரத்து பண்ணச் சொல்லி மனு போட்ட கம்பெனிக்காரங்க கேக்குறது இதுதாங்க. ஒரு பொருளுக்கு பேட்டன்ட் குடுக்கணும்னா அது புதுசா இருந்தா மட்டும் பத்தாது. அந்தத் தொழில் தெரிஞ்ச ஒருத்தரு உக்காந்து யோசிச்சா, அட இதுதானேன்னு தானா தோணிடக் கூடாது. தோணிடும்னா அது கண்டுபிடிப்பே இல்ல. சூடு கடத்துற பொடிய பிளாஸ்டிக் பசையில கலக்குறது பழசு. உப்ப வச்சு அச்சு எடுத்து, அப்புறம் உப்பக் கரைச்சு விடுறதும் பழசு. ஈரத்துல உப்பு ஒட்டும்ங்கறது ஊருக்கே தெரியும். மூணையும் சேத்தா இதுதானே வரும், இதுல மூளை எங்க இருக்குதுன்னு கேக்குறாங்க. கடைசியில, பெத்த அம்மாவே ஒத்துக்கிட்டாங்க பாருங்கன்னு உங்களப் போட்டுக் காட்டுறாங்க."

பாக்கியம் மகளைப் பார்த்தாள். யுவராணி தரையைப் பார்த்தாள்.

"பேட்டன்ட் போச்சுன்னா இன்னா ஆவும்?"

"அந்தக் கம்பெனி அடுத்த மாசமே இதையே செஞ்சு நாடு பூரா விக்கும். கீழ்புத்துப்பட்டு ஷெட்ட இழுத்து மூட வேண்டியதுதான்."

கீழ்புத்துப்பட்டு ஷெட்டில் ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஆறு பேரும் முன்பு உப்பு வாரியவர்கள். யுவராணி அங்கே செய்வது மோட்டாருக்கான உறை. பார்ப்பதற்குச் சாதாரண வெள்ளைப் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். மோட்டாரின் சூட்டை உள்ளிருந்து இழுத்து வெளியே விட்டுவிடும், வெளியிலிருந்து உப்பை உள்ளே விடாது.

"இப்ப நான் இன்னா செய்யணும் சார்?"

"நடந்தத நடந்தபடி அபிடவிட்டா குடுக்கணும். வீடியோவுல ஏன் அப்படிப் பேசுனீங்கன்னு சொல்லணும். இந்த யோசனை அளத்துல யாருக்குமே இல்ல, கேட்டவங்க சிரிச்சாங்கன்னு சொல்லணும். முக்கியமா உங்க வீட்டுக்காரரு. முப்பது வருஷம் உப்பளத்து மோட்டார் பாத்தவரு. அவரே இத முட்டாள்தனம்னு திட்டி, செஞ்சு வச்சத தூக்கி எறிஞ்சாருன்னு யுவராணி சொன்னாங்க. தொழில் தெரிஞ்சவருக்கே அது தோணல, தோணாதது மட்டுமில்ல, வேணாம்னு தடுத்தாரு. அதுதாங்க நமக்குப் பலம்."

"செத்துப்போன மனுசன முட்டாளுன்னு எழுதித் தரணுமா?"

"அவர முட்டாளுன்னு யாரும் சொல்லலம்மா."

"அப்பறம், எம் பொண்ணு மாதிரி ஊர்ல உலகத்துல ஆளு இல்லன்னு நானே சொல்லிக் கையெழுத்துப் போடணும்."

"கிட்டத்தட்ட அப்படித்தாங்க."

"அது என்னால ஆவாது சார்" என்று எழுந்தாள் பாக்கியம். "இன்னும் கொஞ்சம் மோரு ஊத்தட்டுமா?"

பத்து நாளைக்குள் தாக்கல் செய்ய வேண்டும், யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் பிரபாகரன் கிளம்பினார். கார் சத்தம் அடங்கியதும் பாக்கியம் தட்டைக் கழுவிச் சோற்றைப் போட்டாள். சென்னாக்குனி இறால் பொடியும் கத்திரிக்காய்க் கருவாட்டுக் குழம்பும். மகளுக்குப் பிடித்தது. யுவராணி தட்டைத் தொடவில்லை.

"எம்மா, நான் ஒண்ணு கேக்கட்டுமா? நெசமாவே நீ அப்படித்தான் நெனக்கிறியா?"

"எப்படி?"

"எல்லாரும் செய்யறதத்தான் செஞ்சேன்னு."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தை தொண்டைவரை வந்தது. முப்பத்து மூன்று வருஷமாக அது தொண்டைவரைதான் வந்துகொண்டிருக்கிறது.

"சோறு ஆறிப்போவுது பாரு. சாப்புடு" என்றாள் பாக்கியம்.

யுவராணி கையைக் கழுவாமலே எழுந்தாள், தட்டைத் தொட்டிருந்தால்தானே கழுவ. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் விடியற்காலையில் பாக்கியம் வழக்கம்போல அளத்துக்குப் போனாள். போகாதே என்று மகள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். வெயில் ஏறுவதற்குள் வாரி முடித்தாக வேண்டும். பலகையைப் பாத்தியில் இறக்கி இழுத்தால் உப்பு சரசரவென்று கூடி வரும். இழுக்கிற இழுப்பில் அடிமண் பெயர்ந்து வரக் கூடாது; பெயர்ந்தால் உப்பு கறுத்துவிடும். அதற்குத்தான் தையில் பாத்தியைக் காலால் மிதிமிதியென்று மிதித்துக் கெட்டிப்படுத்துவது. பாக்கியத்தின் பாதத்தில் வெடிப்பு இல்லாத இடம் விரல் நகம் மட்டும்தான்.

பக்கத்துப் பாத்தியில் அருக்காணி வாரிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வருஷமாகப் பாத்தியைப் பங்கு போட்டுக்கொண்டவள். அவள் மருமகள் யுவராணியின் ஷெட்டில்தான் வேலை செய்கிறாள். அதனால் விஷயம் இவள் வாய் திறப்பதற்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"இன்னாக்கா, கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டியாமே?"

"போடுறதுக்கு அது இன்னா நூறு நாள் வேல அட்டையா? அவுர முட்டாளுன்னு எழுதச் சொல்றாங்க."

அருக்காணி பலகையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். "அவுரு நம்மள எல்லாம் முட்டாளு முட்டாளுன்னு எத்தினி நாளு திட்டியிருப்பாரு. ஒரு நாளு நாம திருப்பிச் சொன்னா இன்னா கொறஞ்சுடும்? மோட்டார் ரூம்ல நின்னுகினு அவுரு கத்துனா, காலவாய்க்கு அந்தாண்ட ஆடு மேய்க்கிறவன் திரும்பிப் பாப்பான்."

பாக்கியத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த கையோடு கண் கலங்கியது. புருஷன் பஞ்சநாதன் போய் நாலு வருஷம் ஆகிறது. அவர் திட்டாத அளம் இன்றைக்கும் அவளுக்குப் பழகவில்லை. மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது, அதற்கு மேலே ஒரு குரல் கேட்க வேண்டிய இடம் காலியாகக் கிடக்கிறது.

"கொரோனாவுல நடந்தது ஞாபகம் இருக்குதாக்கா?" என்றாள் அருக்காணி.

ஞாபகம் இல்லாமலா. வெளியே சொன்னால் வெட்கக்கேடு, பாக்கியத்தின் வாழ்க்கையில் ஆக நல்ல நாட்கள் அந்த ஊரடங்கு நாட்கள்தான். உலகமே வாயைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தது. இவள் வீட்டில் மட்டும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சென்னையில் ஹாஸ்டலில் தங்கி ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்த யுவராணி, ஒரு பை துணியும் இரண்டு பை டப்பாவுமாக வந்து இறங்கினாள். காலேஜ் லேப்பைப் பூட்டிவிட்டார்கள். வந்த மறுநாளே பாக்கியத்தின் அடுப்படியை லேப்பாக்கிவிட்டாள். இட்லிப் பானை போயிற்று, மிக்ஸியின் சின்ன ஜார் போயிற்று, பஞ்சநாதனின் டிபன் பாக்ஸ் மூடி அச்சாகப் போயிற்று.

உப்பளத்து வேலைக்கு மட்டும் அனுமதி இருந்தது. பஞ்சநாதன் காலையில் போய்விட்டு மத்தியானம் மோட்டாரைத் திட்டிக்கொண்டே வருவார். தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்கு அளத்தில் இரண்டே விதி. திறந்து வைத்தால் உப்புக் காற்று உள்ளே சுற்றியிருக்கிற செம்புக் கம்பிக் காயிலைத் தின்றுவிடும். மூடி வைத்தால் சூட்டில் காயில் எரிந்துவிடும். முப்பது வருஷமாக அவர் அந்த இரண்டுக்கும் நடுவில் அல்லாடிக்கொண்டிருந்தார். மரக்காணத்து அளங்களில் மோட்டார் எங்கே நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

யுவராணி அதற்குத்தான் வழி தேடினாள். போரான் நைட்ரைடு என்று ஒரு வெள்ளைப் பொடி. சூட்டைக் கடத்தும், கரண்டைக் கடத்தாது. பசையில் அதைக் கலந்தால் ஒவ்வொரு துகளும் தனித்தனியே நிற்கும், சூடு போக வழி இருக்காது. பொடியை அள்ளிப் போட்டால் பசை காய்ந்து விரிசல் விட்டுவிடும். அவள் யோசனை வேறு. உப்புக் கல்லின் மேல் பொடியைப் பூசி, அச்சில் போட்டு அமுக்க வேண்டும். பிறகு தண்ணீரில் ஊறப் போட்டால் உப்பு கரைந்து ஓடிவிடும், பொடி மட்டும் ஒன்றோடொன்று கைகோத்துத் தேன்கூடு மாதிரி நிற்கும். அந்த ஓட்டைகளில் பசையை ஊற்றினால் கட்டி தயார். காலேஜிலிருந்து கொண்டுவந்த சுத்தமான, பொடபொடவென்று காய்ந்த உப்பை வைத்து நாலு முறை செய்தாள். நாலு முறையும் உள்ளே கொஞ்சம் உப்பு கரையாமல் மாட்டிக்கொண்டது. கொஞ்சம் உப்பு இருந்தாலும் காயில் போச்சு.

ஐந்தாம் முறை அந்தக் காலேஜ் உப்பு தீர்ந்துபோயிற்று. அவள் அடுப்படி ஜாடியிலிருந்து அளத்து உப்பை எடுத்துக்கொண்டு, மூடியை மூடாமல் போட்டுவிட்டாள். ராத்திரி முழுக்கக் கடல்காற்று. காலையில் பாக்கியம் பார்த்தால் ஜாடி உப்பு மொத்தமும் நசநசத்துக் கட்டியாகிக் கிடந்தது. உப்பு ஜாடியைத் திறந்து போடுகிற பெண் குடும்பத்துக்கு ஆவாளா என்று மூச்சு விடாமல் திட்டினாள். யுவராணி காதில் எதுவும் விழவில்லை. கட்டியை விரலால் உடைத்து, உடைந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எம்மா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு இருக்குது பாரு. அப்ப ஒரு கல்லு கரைஞ்சா அடுத்த கல்லுக்குத் தண்ணி வழி கெடைக்கும்."

"கெடைக்கும் கெடைக்கும். மொதல்ல ஜாடிய மூடு."

அந்த ஈர உப்பை வைத்துச் செய்த கட்டியில் ஒரு துளி உப்பு மிஞ்சவில்லை. நாக்கில் வைத்துக்கூடப் பார்த்தாள். அதை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டி, எப்படிச் செய்தேன் தெரியுமா என்று ஆரம்பித்தாள். உப்பு என்ற வார்த்தை வந்ததுதான் தாமதம்.

"உப்பு தின்னாத மோட்டார் வேணும்னுதான்டி நான் முப்பது வருசமா சாவறேன்! நீ அந்த உப்பையே கொண்டாந்து காயில் பக்கத்துல வக்கிறியா? அதுவும் ஈர உப்ப! இந்த முட்டாள்தனத்தக் கத்துக்கவா உன்ன மெட்ராசுக்கு அனுப்புனேன்?" என்று கத்தி, கட்டியைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்தார். அளமே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

அதற்கப்புறம் ஒன்பது நாள் அப்பனும் மகளும் பேசவில்லை. இரண்டே அறை வீடு. ஊரடங்கில் எங்கேயும் போகவும் முடியாது. "உங்கப்பாவ ஃபேன கொஞ்சம் இப்படித் திருப்பச் சொல்லு" என்பாள் யுவராணி. "அவள சாப்பாட்டுக்கு வரச் சொல்லு" என்பார், ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிற மகளைக் காட்டி. நடுவில் பாக்கியம் போஸ்ட்மேன் வேலை பார்த்தாள். அப்போது அலுப்பாக இருந்தது. இப்போது நினைத்தால், அந்த ஒன்பது நாளை யாராவது திருப்பிக் கொடுத்தால் போதும் என்று இருக்கிறது.

பத்தாம் நாள் பெரிய மோட்டார் எரிந்தது. பஞ்சநாதன் கோட்டக்குப்பத்துக் காயில்கடை பாய்க்குப் போன் போட்டார். "பார்டர்ல தடுப்புக் கட்டை போட்டுக்கிறாங்க அண்ணே, கடையும் தொறக்க உடல, அல்லா மேல பாரத்தப் போட்டு ஒரு வாரம் பொறுங்க" என்றார் பாய். ஒரு வாரம் தண்ணீர் ஏறாவிட்டால் பாத்தி பாழ். பஞ்சநாதன் தானே உட்கார்ந்து காயில் சுற்றினார். சுற்றி முடித்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "பாக்கியம், அவ அந்தக் கட்டியில இன்னொண்ணு செஞ்சு வச்சிருக்கிறாளான்னு கேளு."

செய்துதான் வைத்திருந்தாள். ஒன்பது நாளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அப்பனும் மகளும் சேர்ந்து அதை மோட்டாருக்கு உறையாக மாட்டினார்கள். சுவிட்சைப் போட்டு அரை மணி நேரம் ஆனது, ஒரு மணி நேரம் ஆனது. பஞ்சநாதன் மோட்டார் உறையின் மேல் கையை வைத்தார். "சுடுதுடி!" என்று கத்தினார். யுவராணி பயந்துபோனாள். அவர் சிரித்தார். "வெளிய சுடுதுடி. சூடு வெளிய வந்துடுச்சு!" அன்றைக்கு மத்தியானம் முழுக்க அந்த மனிதர் வரப்பில் குந்திக்கொண்டு, கையை அதன் மேலிருந்து எடுக்கவே இல்லை. நுங்கு வெட்டிக் கொண்டுபோன பாக்கியம், இடது கையால் வாங்கித் தின்ற புருஷனை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தாள்.

"அன்னிக்கு அவுரு தூக்கி எறிஞ்சப்ப நான்கூடத்தான் சிரிச்சேன்" என்றாள் அருக்காணி. "படிச்சுப் படிச்சு பொண்ணுக்கு மூளை கொழம்பிடுச்சுன்னு உங்கிட்டயே சொன்னேனா இல்லியா? அத எழுதிக்கச் சொல்லு. நானும் ரேகை வக்கிறேன்."

"அது சரி. எம் பொண்ண நானே எப்படிடி புகழுவேன்? உனக்குத்தான் தெரியுமே."

அருக்காணி சிரிப்பதை நிறுத்தினாள். அவளுக்குத் தெரியும். இந்த ஊரில் அது தெரிந்தவர்களில் மிச்சம் இருப்பவள் அவள் ஒருத்திதான்.

"நேத்து உம் பொண்ணு உன்ன இன்னா கேட்டுச்சாம்? மருமவகிட்ட சொல்லி அழுதுச்சாம். அது பேட்டன்டுக்காகக் கேட்ட கேள்வி இல்லக்கா" என்று சொல்லிவிட்டு, அருக்காணி பலகையை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் யுவராணி வந்ததும், பாக்கியம் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து நின்றாள்.

"உன் கம்ப்யூட்டர் டப்பாவத் தொற. நான் சொல்றத அடி."

"சார வரச் சொல்றேம்மா. நீ அவருகிட்ட சொல்லு."

"அவருக்குத் தமிழ் அடிக்க வராதுன்னு நீதானே சொன்ன. நீயே அடி. என் மொகத்தப் பாக்காத."

பாக்கியம் மகளுக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். வெளியே உப்புக் குவியல்களின் மேல் ஓலை மூடிக்கொண்டிருந்தார்கள். தன் பெயர், வயது, ஊர், முப்பத்தைந்து வருஷம் உப்பு வாருகிறேன் என்பதையெல்லாம் கடகடவென்று சொன்னாள். உப்பு ஈரத்தில் ஒட்டும் என்பது எங்களுக்குத் தெரியும், ஒட்டினால் திட்டுவோம், உடைப்போம், காய வைப்போம், அதனால் ஒரு பிரயோஜனம் உண்டு என்று நானோ எங்கள் அளத்தில் வேறு யாருமோ நினைத்ததே இல்லை என்றாள். ஜாடியைத் திறந்து போட்டதற்குத் தான் திட்டியதைச் சொன்னாள். அருக்காணி சிரித்ததைச் சொன்னாள். பின்னால் விசைகள் தட்டுகிற சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது.

"என் புருசன் பஞ்சநாதன்" என்று தொடங்கி நின்றாள். பிறகு சொன்னாள். "அவுருக்கு மோட்டாரப் பத்தித் தெரியாதது எதுவும் இல்ல. அவுரே இத முட்டாள்தனம்னு சொல்லி, கட்டியப் புடுங்கி காலவாயில எறிஞ்சாரு. ஒம்போது நாளு பொண்ணுகிட்ட பேசல. அடிச்சிட்டியா?"

"அடிச்சிட்டேன்."

"அப்பறம் அவுரு கைய எடுக்காம உக்காந்திருந்தாரே, அதையும் எழுது. ஒரு முழு மத்தியானம்."

"எழுதிட்டேன்மா."

"இப்ப அந்த வீடியோவுக்கு வரேன். அதுல நான் சொன்னது பொய்யி. ஏன் சொன்னேன்னா..." பாக்கியம் முந்தானையை விரலில் சுற்றினாள். "எனக்கு மொதல்ல ஒரு ஆம்பளப் புள்ள பொறந்துது. திருமுருகன்னு பேரு."

"தெரியும்மா. காய்ச்சல்ல..."

"குறுக்க பேசாத. அடி. பதினோரு மாசம். அவன மாதிரி அழகு கெடையாது. திருவிழாவுக்குத் தூக்கிகினு போனேன். கேட்டவங்ககிட்ட எல்லாம் வாய் கூசாம சொன்னேன், எம் புள்ள மாதிரி இந்தச் சுத்துவட்டாரத்துலயே புள்ள கெடையாது, ராசா மாதிரி இருக்கிறான்னு. நாந்தான் சொன்னேன். வேற யாரும் சொல்லல. மூணாம் நாளு போயிட்டான். அதுலேந்து என் வாயால என் புள்ளைய நல்லதுன்னு சொன்னதில்ல. நெனக்காம இல்ல. ஒரு நாளு கூட நெனக்காம இல்ல."

விசைச் சத்தம் நின்றுபோயிருந்தது. பாக்கியம் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்குது, அடி. இத எம் பொண்ணு ஒருத்திதான் கண்டுபுடிச்சா. எங்க யாருக்கும் தெரியாது. யாருக்கும் தோணாது. எம் பொண்ணு யுவராணி மாதிரி கெட்டிக்காரிய நான் பாத்ததில்ல. அவளப் பெத்தவ நானுன்னு நெனச்சா எனக்கே சில நேரம் நம்பிக்க வராது. அவ்ளோதான். எங்க கையெழுத்துப் போடணும்?"

முதுகில் ஒரு தலை வந்து சாய்ந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்படித்தான் சாய்வாள். பாக்கியம் அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

திண்டிவனத்தில் நோட்டரி வக்கீல் முன்னால், பிரபாகரன் அதை முழுதாகப் படித்துக் காட்டினார். கடைசிப் பத்தி சட்டத்துக்குத் தேவையில்லை, எடுத்துவிடலாமா என்று கேட்டார். "சொன்னது சொன்னதுதான் சார், இருக்கட்டும்" என்றாள் பாக்கியம். கையெழுத்தைக் கோணல்மாணலாக ஒவ்வொரு பக்கத்திலும் போட்டாள். ஊருக்கு வருகிற பஸ்ஸில் மகளின் நெற்றியை இரண்டு முறை தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. அடுத்த மூன்று நாளும் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உத்தரவு ஐப்பசியில் வந்தது. மழை பிடித்துக்கொண்டு அளத்தில் வேலை இல்லாத நாள். பாத்தியெல்லாம் நீர் கட்டி வானம் தெரிந்தது. முருங்கைக்கீரை ஆய்வதற்கு அருக்காணி வந்திருந்தாள். யுவராணி போனைப் பார்த்துக்கொண்டே அடுப்படிக்குள் வந்தாள்.

"எம்மா, பேட்டன்ட் நெலச்சுடுச்சு. கம்பெனி மனு தள்ளுபடி."

பாக்கியம் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "இன்னா எழுதியிருக்காங்க?"

யுவராணி தேடி எடுத்து, இங்கிலீஷைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "பஞ்சநாதன் என்பவர் இத்துறையில் முப்பதாண்டு அனுபவம் உடையவர். அவரே இந்த வழியை முட்டாள்தனம் என்று நிராகரித்துத் தூக்கி எறிந்திருக்கிறார். ஆகவே இது அத்துறை அறிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றக் கூடியது என்ற வாதம் ஏற்கத்தக்கதல்ல."

"அவுரு பேரு போட்டிருக்குதா?"

"போட்டிருக்குதும்மா. முழுப் பேரு."

"இன்னொரு தடவ படி."

யுவராணி படித்தாள். பாக்கியம் மூன்றாம் முறையும் படிக்கச் சொன்னாள். உயிரோடு இருந்தவரை ஊரையே திட்டிய மனிதர், செத்த பிறகு அந்தத் திட்டாலேயே மகளைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்ததும், அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"உம் பொண்ணு கெட்டிக்காரிதான்க்கா" என்றாள் அருக்காணி, கீரையிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"எங்க" என்று பாக்கியத்தின் வாய் தானாகத் திறந்தது. யுவராணி போனிலிருந்து கண்ணை எடுத்து அம்மாவைப் பார்த்தாள்.

"ஆமாம்" என்றாள் பாக்கியம்.

சொன்ன கையோடு மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். திருஷ்டி கழிப்பது மூடநம்பிக்கை என்று காலேஜுக்குப் போனதிலிருந்து சண்டை போட்ட யுவராணி, முக்காலியை இழுத்துக் கிழக்கே பார்த்துப் போட்டு, அதில் தானாகவே உட்கார்ந்தாள். அருக்காணி ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு வைத்தாள்.

பாக்கியம் ஒரு கை உப்பு அள்ளினாள். பிறகு, மறக்காமல், ஜாடியை மூடினாள்.